பைனஸ் காய்க்குப் பெயின்ட் அடிக்க வேண்டாம்: மலையக முன்பள்ளிகளின் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மலையகத்தின் முன்பள்ளிகளையும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராக்களையும் மேற்பார்வை செய்யும் அதிகாரிகளுக்கு,

ஐயா, அம்மணி,

ஒரே ஒரு விஷயம் கேட்கத்தான் இந்த மடல். பிள்ளையின் கையில் பைனஸ் காயை, அதாவது ஊசியிலைப் பைனஸ் மரத்தின் செதில் செதிலான காயைக் கொடுக்கும்போது கூடவே கம் போத்தலையும் பெயின்டையும் கொடுக்க வேண்டாம், ஒரு பேசின் தண்ணீர் கொடுத்தால் போதும் என்று எங்கள் முன்பள்ளி ஆசிரியைகளுக்குச் சொல்லுங்கள். அவர்களாக அதைச் செய்ய மாட்டார்கள். நீங்கள் பார்வையிட வரும் நாளில் தண்ணீரில் கிடக்கும் காய்க்கு யாரும் புள்ளி போடுவதில்லை. சுவரில் தொங்கும் ஆந்தைக்குத்தான் புள்ளி.

ஆந்தை என்றால் பைனஸ் காயில் செய்த ஆந்தை. ரெஜிபோம் (தெர்மோகோல்) கண், பிரிஸ்டல் போர்ட் இறக்கை, உடம்பு முழுக்க வெள்ளிப் பெயின்ட். நத்தாருக்கான ஒளி விழா நெருங்கினால் அதே காய் நட்சத்திரமாகும், மெழுகுதிரித் தாங்கியாகும், வாசலில் தோரணமாகும். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் முக்கால்வாசி ஆசிரியையின் கைவேலை. கம் வைத்து ஒட்டிய செதில் அதற்குப் பிறகு அசையாது. அந்தக் காயில் ஒரு நாலு வயதுப் பிள்ளை கண்டுபிடிக்கக் கூடிய அத்தனையும் அசைவில்தான் இருக்கிறது.

நான் ஊவாவில் முதலாம் தரத்துக்குப் படிப்பிக்கிறேன். உங்கள் முன்பள்ளிகளிலிருந்து வரும் பிள்ளைகள்தான் ஐந்து வயது முடிந்து என்னிடம் வருகிறார்கள். உயிரெழுத்து தெரியும், நூறு வரை ஒப்பிப்பார்கள், பென்சில் பிடிக்கத் தெரியும். சரி, நல்ல விஷயம். ஆனால் கையில் ஒரு பொருளைக் கொடுத்தால் பொருளைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்க்கிறார்கள். “இதுக்குப் பேர் என்ன டீச்சர்?” பெயரைச் சொன்னதும் அதை மேசையில் வைத்துவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டுகிறார்கள். சுவரில் ஒட்டிய படங்களைக் காட்டிப் பெயர் கேட்டுப் பழக்கியதன் பலன் இது. ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ என்ற பாடத்தை நான் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

எங்கள் வகுப்பில் பைனஸ் காயை வைத்து என்ன செய்கிறோம் என்று சொல்கிறேன். உங்களில் எவராவது இன்று வீட்டிலேயே செய்து பார்க்கலாம். நன்றாகக் காய்ந்து விரிந்த காயாக எடுக்க வேண்டும். ஒன்றை மேசையில் சும்மா வைத்துவிடுகிறோம். இன்னொன்று பச்சைத் தண்ணீருக்கு. போடுவதற்கு முன் “என்ன நடக்கும்?” என்று கேட்பேன். தாழும், மிதக்கும், கரைந்துவிடும், குஞ்சு பொரிக்கும் என்று எல்லாம் வரும். சரி பிழை சொல்வதில்லை. பிறகு போடுகிறோம். காய் முதலில் மிதக்கும், செதில் இடுக்குகளிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி வரும். இரண்டு செதிலுக்கு நடுவே ஒரு ஈர்க்குத் துண்டைச் செருகி விடுகிறோம். அவ்வளவுதான், மற்ற வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

இடைவேளை முடிந்து வந்து பார்த்தால் காயின் உருவமே மாறியிருக்கும். விரிந்து கிடந்த செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, காய் ஒடுங்கிப் போயிருக்கும். ஈர்க்கை இழுத்தால் லேசில் வராது. “கவ்விக்கிச்சு டீச்சர்!” என்று ஒருவன் கத்த, பேசினைச் சுற்றி இடம் போதாமல் போகும். மேசையில் இருந்த காய் அப்படியே இருக்கிறதா என்று ஓடிப் பார்க்கும் பிள்ளையும் உண்டு. ஒப்பிட்டுப் பார் என்று யாரும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஏன் மூடியது என்று கேட்டால் வரும் முதல் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “அதுக்குக் குளிருது, அதான் பொத்திக்கிச்சு.” பனியில் எழும்பிக் கம்பளிக்குள் முடங்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல விளக்கம் எது? இந்த இடத்தில் ‘பிழை’ என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்துவிடும். நான் சொல்லவில்லை. கைபொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றி இன்னொரு காயை அதில் போட்டோம். அதுவும் மூடிக்கொண்டது. ஆனாலும் ஒரு சிறுமி விடுவதாயில்லை. சுடுதண்ணி ஆறிப் போச்சு, ஆறினதால்தான் காய்க்குக் குளிர் பிடித்தது என்றாள். தொட்டுப் பார்த்தேன். ஆறித்தான் இருந்தது. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது, என் சோதனையில்தான் ஓட்டை.

அடுத்த நாள் காய்ந்த காய் ஒன்றைப் பொலித்தீன் பையில் போட்டு, தண்ணீர் புகாமல் இறுகக் கட்டி, மேலே கல் வைத்துக் குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தினோம். குளிர் உண்டு, ஈரம் இல்லை. பள்ளி விடும் நேரம் எடுத்துப் பார்த்தபோது காய் விரிந்தபடியே இருந்தது. அவள் பையைத் தடவிப் பார்த்தாள், காயைத் தடவிப் பார்த்தாள், பேசாமல் போய் உட்கார்ந்தாள். ஒரு காரணத்தை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே வைத்துச் சோதிப்பதை நாம் சாதாரண தர விஞ்ஞானத்தில் வரைவிலக்கணமாக மனனம் செய்ய வைக்கிறோம். இங்கே அது ஒரு பிள்ளையின் பிடிவாதத்திலிருந்து தானாக வந்தது.

அதிகாரிகளான உங்களுக்கும் காரணம் தெரிந்திருக்க வேண்டும், ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். பைனஸ் காயின் ஒவ்வொரு செதிலிலும் இரண்டு படைகள் உண்டு. வெளிப்பக்கப் படை ஈரத்தை இழுத்தால் நீளும், உள்பக்கப் படை அந்த அளவுக்கு நீளாது. கலச் சுவரில் உள்ள செலுலோசு நார்கள் இரண்டு படையிலும் வெவ்வேறு திசையில் ஓடுவதே காரணம். வெளிப்பக்கம் நீளும்போது செதில் உள்நோக்கி வளைந்து மூடுகிறது, காயும்போது வெளிநோக்கி இழுபடுகிறது. மாரியில் லயத்து மரக்கதவு ஊதிப்போய்ச் சாத்த மறுப்பதும் இதே ஈரத்தின் வேலைதான். மரம் உயிரோடு இருக்க வேண்டியதில்லை, அந்தக் கலங்கள் எப்போதோ செத்தவை. அலுமாரியில் வருடக் கணக்காகக் கிடந்த காயும் தண்ணீர் கண்டால் மூடும். இந்தப் பொறிமுறையை விளக்கும் ஒரு சிறு கட்டுரை 1997இல் நேச்சர் விஞ்ஞான சஞ்சிகையில் வந்தது. மின்சாரமோ மோட்டாரோ இல்லாமல் காற்றின் ஈரத்துக்கு ஏற்பத் திறந்து மூடும் மரத்தகட்டு அமைப்பு ஒன்றை ஜெர்மனியின் கட்டடக் கலைஞர்கள் இதைப் பார்த்துச் செய்து, 2012இல் பாரிஸின் பொம்பிடு கலை நிலையத்துக்குக் கொடுத்தார்கள். “காயைத் தண்ணீரில் போடுவதில் என்ன படிப்பு இருக்கிறது?” என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு இது உதவும்.

மரத்துக்கு இதனால் என்ன லாபம் என்பதும் பிள்ளைகளுக்குப் பிடித்த பகுதி. இறகு வைத்த வித்து மழையில் நனைந்தால் தூரம் போகாது. காய்ந்த காற்று அடிக்கும் நாளில் கதவு திறந்தால் தாய்மரத்தின் நிழலைத் தாண்டிப் பறக்கும். கீழே விழுந்து கிடக்கும் காய்களில் வித்து பெரும்பாலும் போயிருக்கும். பரவாயில்லை, ஒரு செதிலைப் பிய்த்து உள்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அடியில் பக்கம் பக்கமாக இரண்டு வித்துகள் இருந்த தடம், மேலே மெல்லிய இறகுகள் படிந்திருந்த தடம், இரண்டும் தெரியும். ஆள் போன பிறகு காலடி பார்ப்பதைப் போல் பிள்ளைகள் செதில் செதிலாகப் பிய்த்துத் தேடுவார்கள். பெரியவர்கள் யாராவது மரத்திலிருந்து மூடிய பழுப்புக் காயைப் பறித்துத் தந்து, அதை வெயிலில் வைத்தால் முழு வித்தே கிடைக்கும். படிக்கட்டில் நின்று மேலே எறிந்தால் சுழன்று சுழன்று இறங்கும். தேயிலைக்கு நடுவே நிழலுக்கு நிற்கும் சவுக்கு (கிரெவில்லியா) மரத்தின் வித்துக்கும் இறகு உண்டு, தேயிலை வித்துக்கு இல்லை. மூன்றையும் ஒரே படிக்கட்டிலிருந்து விடச் சொல்லுங்கள், மற்றதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

செதில்கள் சுருளாக ஏறுவதையும், ஒரு பக்கம் 8 வரி மறுபக்கம் 13 வரி என்று வருவதையும் ஐந்தாம் தரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். நாலு வயதில் அது தேவையில்லை. ஊசி இலைகள் மூன்று மூன்றாகக் கட்டியிருப்பதை எண்ணினாலே போதும்.

மலைநாட்டுக்கென்றே பொருந்தும் ஒரு விஷயமும் இதில் இருக்கிறது. காய் மூடுவதற்குத் தண்ணீரில் முங்க வேண்டும் என்றில்லை, காற்றின் ஈரமே போதும். முன்பள்ளி விறாந்தையில் ஒரு காயைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் அது ஓர் ஈரமானி. அப்புத்தளைப் பக்கம் காலையில் வெயில், மத்தியானத்துக்குப் பிறகு தெற்கிலிருந்து பனிமூட்டம் ஏறி வந்து ரோட்டையே மறைத்துவிடும். மூட்டம் தங்கிவிட்ட நாளில் செதில்கள் ஒடுங்கத் தொடங்கும். பிள்ளைகள் எழுத வேண்டாம், விரிந்த காய், பாதிக் காய், மூடிய காய் என்று படம் கீறினால் சரி.

இன்னும் ஒன்று. ஜூன், ஜூலையில் தென்மேல் பருவமழை ஹட்டன், நுவரெலியாப் பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும்போது, மலைத்தொடருக்கு இந்தப் பக்கம் பதுளை, பண்டாரவளையில் காய்ந்த காற்று மண்ணை வாரி அடிக்கும். ஒரே நாள், ஒரே வேளை, இரண்டு முன்பள்ளிகள். ஹட்டனில் தொங்கும் காய் மூடியிருக்கும், பண்டாரவளையில் தொங்கும் காய் விரிந்திருக்கும். ஆசிரியைகள் இரண்டு பேரும் வட்ஸ்அப்பில் படம் மாற்றிக்கொண்டால் போதும், மழை நம் வீட்டில் பெய்யும்போது ஊரெல்லாம் பெய்யாது என்பது ஒரு சின்னப் பிள்ளைக்கு விளங்கும். ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஆதாரப் படம் அனுப்பு என்று கேட்கிறீர்களே, இந்தப் படத்தைக் கேளுங்கள். நுவரெலியா போன்ற உயர்ந்த இடங்களில் நட்டது வேறு பைனஸ் இனம், அதன் காய்கள் முற்றிய பிறகும் கொத்தாக மரத்திலேயே மூடிக் கிடக்கும் என்பதால், அந்தப் பக்கத்து ஆசிரியைக்கு விரிந்த காய்கள் கொஞ்சம் இங்கிருந்து அனுப்ப வேண்டிவரும். அது பெரிய காரியமில்லை, பஸ்ஸில் ஒரு பை.

பைனஸ் நம் மரமா என்று கேட்கும் நண்பர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதில் உண்மையும் இருக்கிறது. இலங்கையில் இயற்கையாக ஒரு பைனஸ் இனமும் இல்லை. நம் மலைகளில் அதிகம் காணப்படுவது மத்திய அமெரிக்காவையும் கியூபா, பஹாமாஸ் தீவுகளையும் சேர்ந்த கரிபியன் பைனஸ். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கைவிடப்பட்ட தேயிலை நிலங்களிலும் பதனைப் புல்வெளிகளிலும் பரவலாக நட்டார்கள். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி எங்கள் சனம் இந்தியாவுக்குப் போகப் பெட்டி கட்டித் தலைமன்னாருக்கு ரயில் ஏறிய அதே காலம் அது. ஆள் போன மலையில் மரம் வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். சரி, அது வேறு கதை.

அந்நிய மரம் என்பதாலேயே அதை முன்பள்ளிக்கு வெளியே நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பிள்ளை தினமும் காலால் உதைத்துக்கொண்டு வரும் பொருள் அது. மரம் நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கும் பிள்ளையின் கண்ணே போதும். தோப்பின் ஓரத்தில் நின்று, ஊசி இலை மெத்தைக்கு அடியில் என்ன முளைத்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பிறகு பக்கத்து ஓடைக்கரையில் மிச்சமிருக்கும் நாட்டு மரங்களுக்கு அடியில் பார்க்கச் சொல்லுங்கள். சிங்கராஜ வனத்தின் ஓரத்தில் இருந்த பைனஸ் தோப்புகளுக்குள் இடைவெளி வெட்டி நாட்டு மரக்கன்றுகளை வளர்த்துக் காட்டிய பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமல், சாவித்திரி குணதிலக்க தம்பதியினரின் வேலையும், கிட்டப் போய் இப்படிப் பார்ப்பதில்தானே தொடங்கியிருக்கும்.

ஆபத்து பற்றிக் கேட்பீர்கள், கேட்க வேண்டும். குளவிக் கூடு இருக்கும் தோப்புக்குள் நாலு வயதுப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிப் போகச் சொல்ல நான் ஒன்றும் அறியாதவள் இல்லை. கொழுந்து எடுக்கப் போகும் தாய்மாருக்கே குளவிக்கொட்டு என்ன பாடுபடுத்துகிறது என்று நமக்குத் தெரியும். மழை நாளில் அட்டையும் சரிவும், வெயில் காலத்தில் காய்ந்த ஊசி இலைக்குப் பிடிக்கும் தீயும் இருக்கின்றன. ஆகவே காயைத்தான் பிள்ளையிடம் கொண்டுவர வேண்டும். ரோட்டோரத்தில் கிடப்பதைப் பெற்றோர் வரும் வழியில் பொறுக்கி வந்து ஒரு கூடையில் போட்டால் ஒரு வருடத்துக்குக் காணும். ரோட்டோரம் நின்று தோப்பைப் பார்ப்பதற்கு உதவியாளர் ஒருவர் கூட வந்தால் போதும்.

பெற்றோர் எழுத்தைக் கேட்கிறார்கள் என்பது உங்கள் வழக்கமான பதில். கேட்கிறார்கள்தான். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் பயம் இப்போது முன்பள்ளி வாசல் வரை வந்துவிட்டது. விடியற்காலையில் பிள்ளையைக் காம்பராவில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு) ஓடும் தாய்க்கு, தன் பிள்ளை மலையில் கொழுந்து எடுக்கக் கூடாது என்ற ஒரே ஆசைதான், அந்த ஆசையில் கொப்பி நிறைய எழுத்து கேட்கிறாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இறுகிய செதிலைப் பிய்க்கும் விரலுக்குத்தான் பென்சில் பிடிக்கும் பலமும் வருகிறது. இதை அவளுக்கு விளக்கிச் சொல்ல ஆசிரியைக்கு உங்கள் ஆதரவு வேண்டும். அந்த ஆசிரியைக்குக் கிடைக்கும் கொடுப்பனவு பஸ் செலவுக்கே போதாது என்பதையும், கம்மும் பெயின்டும் அவர் கைக்காசில்தான் வாங்குகிறார் என்பதையும் இந்த இடத்தில் சொல்லாமல் போக முடியவில்லை.

இனி, என்ன செய்யலாம் என்பது. உங்கள் பார்வையிடல் படிவத்தில் சுவர் அலங்காரத்துக்கு ஓர் இடம் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ‘இன்று பிள்ளைகள் எதைச் சோதித்துப் பார்த்தார்கள்?’ என்று ஒரு வரி சேருங்கள். பதிலை ஆசிரியையிடம் கேட்க வேண்டாம். பாயில் உட்கார்ந்து ஒரு பிள்ளையிடம் கேளுங்கள். காட்டத் தெரிந்தால் காட்டும். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பேசின், ஒரு கைவில்லை. பேசின் இருக்கும், கைவில்லை இருக்காது. தோட்ட நிர்வாகங்கள் மனம் வைத்தால் அது ஒரு நாள் தேநீர்ச் செலவுக்குள் முடியும்.

கண்காட்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. வையுங்கள். ஆனால் மேசையில் ஒட்டின ஆந்தைக்குப் பதிலாக நனைந்த காயும் காய்ந்த காயும் இருக்கட்டும், பக்கத்தில் பிள்ளை நின்று அதன் பாட்டில் விளக்கட்டும். உளறினாலும் பரவாயில்லை. குளிருக்குப் பொத்திக்கொண்டது என்று சொல்லும் பிள்ளையைத் திருத்தாமல், “அப்படியா, எப்படிக் கண்டுபிடிக்கலாம்?” என்று கேட்கக் கூடிய ஓர் அதிகாரி அந்த மேசைக்கு முன் நின்றால் அதுவே ஆசிரியைகளுக்குப் பெரிய பயிற்சி.

மற்றப் பயிற்சிக்கு ஒகஸ்ட் விடுமுறையில் ஒரு நாள் போதும். ஊவாவில் அப்போது காற்று காய்ந்திருக்கும், கிடக்கிற காயெல்லாம் விரிந்திருக்கும். ஒக்டோபர் மழை பிடித்த பிறகு வைத்தால் காயை அடுப்படியில் உலர்த்தி உலர்த்தித்தான் காட்ட வேண்டும். மண்டபம் தேவையில்லை, எங்கள் பாடசாலை விறாந்தையை அதிபரிடம் கேட்டு வாங்கித் தருகிறேன். காய்களும் பேசின்களும் எங்கள் பொறுப்பு. ஜூலை முடிவதற்குள் நீங்கள் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் மற்ற ஏற்பாடுகளை நாங்கள் தொடங்கிவிடுவோம்.

இப்படிக்கு,
ஊவா மாகாணத்து ஆரம்பப் பிரிவு ஆசிரியை ஒருவர்